சாப்பிடக் கூப்பிட்ட கை

இப்போதெல்லாம் கணினியே தமிழ் வாசிக்கிறதாம். நான் வேலை பார்த்த கலையகத்துக்காரர்கள் போன மாதம் ஆலங்குடாவில் என் வீட்டுக்கு வந்து, கைபேசியில் அதைப் போட்டுக் காட்டினார்கள். பெண் குரல். திக்கல் இல்லை, திணறல் இல்லை, நடுவில் தண்ணீர் கேட்கவில்லை, தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது நிறுத்தவும் இல்லை. "எப்படி நானா?" என்று கேட்டார்கள்; நானா என்றால் எங்களில் அண்ணன். "நல்லாத்தான் வாசிக்கிறா. ஆனா இவ சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்றேன். சிரித்துவிட்டு, வியட்நாம் படங்களுக்கு நான் குரல் கொடுத்த கதையை எழுதித் தரும்படி கேட்டுவிட்டுப் போனார்கள். எழுதலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால், கையில் தந்ததை வாசிக்க மாட்டேன் என்று நான் அடம்பிடித்த ஒரே ஒரு தடவையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மன்னாரில் பிறந்தேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எல்லாரோடும் சேர்ந்து வெளியேறிக் கல்பிட்டிப் பக்கம் வந்து, ஓலைக் கொட்டிலில் கொஞ்சக் காலம், புத்தளம் உப்பளத்தில் கூலியாகக் கொஞ்சக் காலம் என்று போனது. எனக்கு இறைவன் தந்த ஒரே சொத்து தொண்டை. யாராவது இறந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வாசித்தேன். பெருநாள் வந்தால் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு துணிக்கடைகளின் சாரம், சட்டை மலிவு விற்பனையை அறிவித்தேன். இருபது வருடம் இந்த இரண்டுதான். ஊரில் என் குரல் கேட்டால் ஒன்று யாரோ மௌத், அல்லது எங்கேயோ சாரம் மலிவு.

யுத்தம் முடிந்த சில வருடங்களில் புத்தளம் நகரத்தில் ஸ்டெல்லா மிஸ் ஒரு சின்னக் கலையகம் தொடங்கினார். சிலாபத்துக்காரர். தமிழும் சிங்களமும் ஒரே வாயில் ஓடும். அதுவரை கல்யாண வீடியோ செய்தவர், கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றுக்கு வெளிநாட்டுப் பயணப் படங்களைத் தமிழாக்கித் தரும் வேலையைப் பிடித்திருந்தார். எல்லாம் வியட்நாம் படங்கள். அந்த நாட்டு மக்கள் எப்படி எழும்புகிறார்கள், என்ன சமைக்கிறார்கள், எப்படிச் சந்தைக்குப் போகிறார்கள் என்று காட்டுகிற படங்கள். அதற்கு ஒரு ஆண் குரல் தேவைப்பட்டது. யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் நாள் முதல் வரியை வாசித்தேன். "மெக்கோங் ஆற்றின் கரையிலே... அதிகாலை வேளையிலே..." ஒவ்வொரு சொல்லையும் பாரத்தோடு இறக்கி வைத்தேன். மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. பிழை வந்தால் கையிலுள்ள பென்சிலை மேசையில் ஒரு தரம் தட்டுவார், அவ்வளவுதான். தட்டினார்.

"நானா, அங்க ஆரும் மௌத்தாகல்ல நே?"

வெட்கமாய்ப் போயிற்று. சரி, மற்றக் குரல் இருக்கிறதே என்று அதை எடுத்தேன். இரண்டு வரி போவதற்குள் பென்சில் தட்டியது.

"இப்ப ஆத்தையே பாதி விலைக்கு விக்கிறீங்க."

பிறகு வேலையை விட்டுவிட்டு, காலையில் பஸ்ஸில் வந்த கதையைக் கேட்டார். ஆலங்குடாவில் இருந்து வந்த பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரன் கடலில் பட்டம் கட்டிச் சறுக்குகிற பலகையோடு ஏறியதையும், அந்தப் பலகை நடத்துநரின் தலைக்கு மேலே படுத்துக்கொண்டு வந்ததையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மிஸ் ஒரு பொத்தானை அமத்தினார். நான் சொன்னது முழுவதும் திரும்ப ஒலித்தது. "இந்தக் குரல்தான் வேணும். இதோட நாளைக்கு வாங்க" என்றார். என் வயது அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. எனக்கு மூன்றாவதாக ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிஸ்ஸின் முறை மற்றவர்களுடையது மாதிரி இல்லை. எந்தப் படம் வந்தாலும் முதல் தடவை சத்தத்தை முழுவதுமாக அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துப் பிரதியையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். ஆளுடைய கையைப் பார்க்கச் சொல்வார், முகத்தை அல்ல. "கமெராவக் கண்டா முகம் நடிக்கும். கைக்கு வேல இருக்கு, அது நடிக்காது" என்பார். இரண்டாவது தடவை சத்தத்தோடு. மூன்றாவது தடவைதான் பிரதி கைக்கு வரும். ஆங்கிலத்தில் இருந்து மிஸ்ஸே தமிழில் எழுதியிருப்பார். நான் அதில் மூச்சு விடும் இடங்களுக்குப் பென்சிலால் கோடு போடுவேன். ஆங்கிலத்தில் நாலு சொல்லில் முடிகிற விசயம் தமிழில் முடிவதற்குள் திரையில் படகு போய்ச் சூப்புக் கோப்பை வந்துவிடும். அதனால் வெட்டுவோம், ஒட்டுவோம், திரும்ப வெட்டுவோம்.

ஒலிப்பதிவு அறை என்பது கலையகம் இருந்த வீட்டின் பின்னறை. சுவரெல்லாம் தும்பு மெத்தை. விசிறியை நிறுத்தினால்தான் பதியலாம், நிறுத்தினால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். பாங்கு சொன்னால் நிறுத்துவோம். ரொட்டி விற்கும் பாண்காரரின் ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் நிறுத்துவோம். இவை இரண்டுக்கும் நேரம் உண்டு. புத்தளத்துக் கழுதைகளுக்குத்தான் நேரமில்லை. எங்கள் நகரத்தில் கழுதைகள் ஆட்களைப் போலவே றோட்டில் திரியும், யன்னலடியில் வந்து நின்று கத்தும். மூன்றாவது படத்தில் ஒரு விவசாயி எருமையைக் குளிப்பாட்டும் இடத்தில் அப்படி ஒன்று கத்தி, யாரும் கவனிக்காமல் அது ஒளிபரப்பாகியும் விட்டது. வியட்நாம் எருமைக்கு என்ன ஒரு குரல் என்று பக்கத்து ஊரான எத்தாளையில் ஒருவர் என்னிடம் வியந்தார். நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படங்கள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்று சொல்லாமல் இருக்க முடியாது. ஆற்றுச் சந்தையில் ஒவ்வொரு படகிலும் ஒரு நீளத் தடி. அன்னாசி விற்கிறவர் அதன் உச்சியில் அன்னாசியைக் கட்டியிருப்பார், பூசணி விற்கிறவர் பூசணியை. கூவ வேண்டிய தேவையே இல்லை. என் தொழிலுக்கு அங்கே சோறு கிடைத்திருக்காது. ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளில் முழு அலுமாரியைக் கட்டிக்கொண்டு போனார், கண்ணாடி கூட உடையவில்லை. உப்பளத்தில் பெண்கள் பலகையால் உப்பை வாரிக் குவித்தபோது, தோள் எந்த இடத்தில் நோகும் என்று எனக்குத் தெரிந்தது. மூங்கிலில் பின்னிய வட்டத் தோணியில் மீன்பிடிக்கப் போகிறவர்களைப் பார்த்துவிட்டு எங்கள் கடற்கரையில் பெரிய விவாதமே நடந்தது. "அதுக்கு அணியம் எது, பின்பக்கம் எது?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார்கள், நான்தான் அதைச் செய்து அனுப்பியவன் மாதிரி. என் பெயர் பாரூக். ஒலிபெருக்கிப் பாரூக்காக இருந்தவன் ஐந்தே படத்தில் வியட்நாம் பாரூக் ஆகிவிட்டேன்.

கொழும்பிலுள்ளவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். முதலில் ஆறு படம். ஆறும் பிடித்தால் மிச்சப் படங்கள் எல்லாம் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் மிஸ் திரும்பக் கல்யாண வீடியோவுக்கு, நான் திரும்ப ஆட்டோவுக்கு. இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: ஆங்கிலப் பிரதியில் உள்ளதற்கு மேலே ஒரு சொல்லும் கூடாது, குறையவும் கூடாது. மிஸ் அதற்குக் கையெழுத்து வைத்திருந்தார்.

ஆறாவது படம் வந்தது. வெள்ளிக்கிழமை கொழும்பில் ஒப்படைக்க வேண்டும். புதன்கிழமை காலை மிஸ்ஸும் நானும் சத்தமில்லாமல் பார்க்க உட்கார்ந்தோம். தெற்கு வியட்நாமில் ஒரு மீன்பிடிக் கிராமம். மீன் விற்கிற ஒரு பெண், நாற்பத்தைந்து ஐம்பது வயது இருக்கும். வீட்டில் நிறைய ஆட்கள். சின்ன வெங்காயம் குவியலாய்க் கிடக்கிறது, அவர் உரிக்கிறார், நறுக்குகிறார். மீன் கொதிக்கிறது. ஒரு மனிதரின் படத்துக்கு முன்னால் சோறும் கறியும் வைத்து ஊதுபத்தி கொளுத்துகிறார். பிறகு கமெராவைப் பார்த்து ஏதோ சொல்கிறார். கண்ணில் தண்ணீர். வலது கையைத் தூக்கி, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை இரண்டு மூன்று தரம் மடக்குகிறார்.

அந்த நேரம் என் மனைவி ஜெமீலா உள்ளே வந்தாள். பிரசர் கிளினிக்குக்குப் புத்தளம் வந்தவள், எனக்குச் சோற்றுப் பார்சலும் கொண்டுவந்திருந்தாள். வாசலில் நின்றபடியே திரையைப் பார்த்தாள்.

"கத்தம் வீடா?" என்று கேட்டாள். எங்களில் இறந்தவர்களுக்காக ஓதிச் சோறு கொடுக்கும் நாளை அப்படிச் சொல்வோம்.

"அவங்கட முறையில அப்படித்தான் போல."

"நல்ல மனுசி. சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுறா பாருங்க" என்றாள். பார்சலை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது தடவை பிரதி கைக்கு வந்தது. அந்த இடத்தில் இப்படி இருந்தது: 'கடல் என் கணவனைக் கொண்டுபோய்விட்டது. எங்களுக்கு இனி ஒன்றுமில்லை' என்று அவர் அழுகிறார். மேலே பேச முடியாமல், நம்மைப் போய்விடும்படி கை அசைக்கிறார்.

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிஸ் விசிறியை நிறுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் தாளை மடித்து மேசையில் வைத்தேன்.

"என்ன நானா?"

"மிஸ், இது போகச் சொல்லுற கை இல்ல. வரச் சொல்லுற கை. அழுகையும் இல்ல அது. வெங்காயம். ஒரு குவியல் வெங்காயம் உரிச்சா நீங்களும் நானும் அப்படித்தான் இருப்பம்."

மிஸ் யோசித்தார். "நம்மட கைய வச்சு அவட கையப் படிக்க ஏலாது நே. அவட நாட்டுல அதுக்கு வேற கருத்து இருக்கலாம். நான் கையெழுத்து வச்சிருக்கன் நானா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்குள்ளே பழைய கோபம் ஒன்று எழும்பிவிட்டது. அதை அன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மிஸ்ஸிடம் சொன்னேன்.

நாங்கள் கொட்டிலில் இருந்த காலம், கமெராவோடு மூன்று வெளிநாட்டுக்காரர் வந்தார்கள். வெயிலில் நின்று நின்று சிவந்து போயிருந்தார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஈர விறகை ஊதி ஊதித் தேத்தண்ணி வைத்தேன். புகையில் கண்ணெல்லாம் தண்ணீர். மூன்று கோப்பையில் ஊற்றி, கவிழ்த்த வாளியின் மேல் வைத்து, 'குடிச்சிட்டுப் போங்க' என்று கை காட்டிக் கூப்பிட்டேன். அவர்கள் என்னைப் படம் பிடித்தார்கள், தலையை ஆட்டினார்கள், போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துக் குவைத்தில் இருந்த மச்சான் கடிதம் போட்டார். டீவியில் என்னைப் பார்த்தாராம். குடிக்கத் தண்ணீர் கூட இல்லாமல் சாகப்போகிறோம் என்று நான் அழுததாக அதில் சொன்னார்களாம். தண்ணீர்க் கஷ்டம் இருந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் சொன்னது அதில்லையே. வீடு போனது, வாசல் போனது. வந்தவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுக்கிற மனிதனாக மட்டும்தான் நான் மிச்சம் இருந்தேன். அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"இந்த மனுசிட வாயில நான் அதச் செய்ய மாட்டன் மிஸ். வேற ஆளப் பாருங்க" என்றேன். சொன்ன பிறகு திரும்ப ஆட்டோவில் ஏறிச் சாரம் விற்கும் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது.

மிஸ் பென்சிலைத் தட்டவில்லை. மேசையில் படுக்க வைத்தார். "வேற ஆள் எதுக்கு? வியட்நாம் தெரிஞ்ச ஆளத்தான் பாக்கணும்" என்றார்.

சிலாபத்துக்குப் போகும் வழியில் ஓர் இறால் பண்ணை. மிஸ்ஸின் தம்பி அங்கே ஐஸ் போடுகிறவர். அந்தப் பண்ணையில் குஞ்சு பொரிக்கும் தொட்டிகளைப் பார்க்க வியட்நாமில் இருந்து ஒருவர் வந்திருப்பதாகத் தம்பி முன்னரே சொல்லியிருந்தாராம். வியாழன் மத்தியானம் அவர் முழங்கால் வரை றப்பர் சப்பாத்தோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் குவான். தமிழ் தெரியாது, ஆங்கிலம் கொஞ்சம், பண்ணையில் பழகிய சிங்களம் ஒரு கை அளவு. அவர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து சொல்ல, மிஸ் எனக்குத் தமிழில் சொல்வதென்று ஏற்பாடு.

படத்தைப் போட்டோம். அந்தப் பெண் பேசிய இடத்தில் குவான் தொடையில் ஓங்கி அடித்துச் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. மிஸ்ஸும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அவர் சொன்னது இதுதான். அன்றைக்கு அந்தப் பெண்ணின் கணவன் இறந்த நாள். சோறு வைத்து ஊதுபத்தி கொளுத்துவார்களாம். பத்தி எரிந்து முடியும் வரைக்கும் இறந்தவர் சாப்பிடுகிறார் என்று கணக்காம். முடிந்ததும் வீட்டில் உள்ள அத்தனை பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், யாரையும் விடக் கூடாது. அவர் கமெராக்காரரைப் பார்த்துச் சொன்னாராம்: 'ஏய் மெலிஞ்ச தம்பி, பத்தி எரிஞ்சு முடிஞ்சுது. அந்தச் சாமானைக் கீழே வைச்சிட்டு வந்து சாப்பிடு. என்ட மனுசனுக்கு வீட்டுல ஆரும் வெறும் வயித்தோட நிண்டாப் பிடிக்காது.'

"கை?" என்று கேட்டேன். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. குவான் என்னைப் பார்த்து, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை மடக்கினார். நான் எழும்பி அவர் பக்கத்துக் கதிரைக்குப் போனேன். மிஸ் கூடச் சத்தமாய்ச் சிரித்துவிட்டார்.

பிறகு குவான் அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு தரம், இன்னொரு தரம். நாலாவது தரம் அவர் சிரிக்கவில்லை. அவருடைய தகப்பனின் நாளும் போன மாதம்தான் வந்து போனதாம். போக லீவு கிடைக்கவில்லையாம். தாய் போனில் பேசியபோது, உனக்கும் ஒரு கோப்பை வைத்திருக்கிறேன் என்றாராம். அதைச் சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, ஜெமீலா அன்றைக்கு மூன்று பார்சல் தந்து அனுப்பியிருந்தாள். பிரித்தால் இறால் கறி. குவான் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். விடிந்தால் பொழுதுபட்டால் அந்தச் சனியனைத்தான் பார்க்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னாராம். என் பார்சலில் இருந்த முட்டையை அவருக்குக் கொடுத்தேன்.

மிஸ் கொழும்புக்குப் போன் எடுத்தார். அங்கேயிருந்த அதிகாரியின் குரல் எனக்கும் கேட்டது. எழுதியிருப்பதை வாசியுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்றார்.

"எங்களுக்குத் தெரியும் சேர்" என்றார் மிஸ், வழக்கமான மெல்லிய குரலில். பிறகு "ஹரி சேர்" என்று சிங்களத்தில் சரி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மிஸ் விசிறியை நிறுத்தினார்.

"ஏழாமக்கா சொன்னத வாசிங்க நானா. நாளைக்கு நானே கொண்டு போறன்."

ஏழாமக்கா என்பது அந்தப் பெண்தான். அவர்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பிறந்த வரிசை எண்ணிலேயே கூப்பிடுவார்கள் என்றும், அவருக்கு ஏழு என்றும் குவான் சொல்லியிருந்தார். ஒரே தடவையில் பதிந்தோம். அவருடைய சொந்தக் குரலை முழுவதும் கேட்க விட்டு, அதன் பிறகுதான் என் குரல். கழுதைகள் கூட அன்றைக்கு மரியாதையாக இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை மிஸ் சிலாபத்தில் ரயில் ஏறினார். நான் வீட்டில் இருந்து ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன், ஆனால் மனம் கொழும்பில் இருந்தது. அங்கே நடந்ததை அவர் சனிக்கிழமை வந்து சொன்னார். அதிகாரி கோபமாகத்தான் இருந்தாராம். ஏழாமக்கா சொன்னது இதுதான் என்று குவான் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். வியட்நாம் மொழியில் அவருக்கு என்ன விளங்கும்? மிஸ் வாதாடப் போகவில்லை. "சேர், ஒரே ஒருக்கா சத்தமில்லாமப் பாருங்க" என்றாராம். அடைத்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். ஏழாமக்கா கையைத் தூக்கியதும் அதிகாரி கதிரையில் முன்னுக்கு வந்து, "என்ன, சாப்பிடக் கூப்பிடுறாவா?" என்று கேட்டாராம்.

அதிகாரி பேனையை எடுத்து ஆறாவது படத்துக்கும் கையெழுத்து வைத்து, மிச்சப் படங்களின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம். அடுத்த ஏழு வருடம் என் வீட்டு அடுப்பு அந்தப் பெட்டியாலும் அதற்குப் பிறகு வந்த பெட்டிகளாலும்தான் எரிந்தது. குவானும் ஊருக்குத் திரும்பிப் போகும் வரை எங்களுக்காக ஒவ்வொரு படத்தையும் பார்த்துச் சொன்னார். கூலி கேட்கவில்லை. இறால் இல்லாத சோற்றுப் பார்சல் மட்டும் கேட்டார்.

ஆறாவது படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒளிபரப்பானது. எங்கள் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் என் வீட்டு முன்னறையில். எல்லாரும் என்னோடு மன்னாரில் இருந்து வந்தவர்கள், அந்தக் கொட்டில்களில் இருந்தவர்கள். ஏழாமக்கா வெங்காயம் உரித்தார். சோறு வைத்தார். பத்தி எரிந்து முடிந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். அவர் குரல் ஓய்ந்ததும் என் குரல் வந்தது: "வந்து சாப்பிடு. வீட்டில் யாரும் வெறும் வயிற்றோடு நின்றால் என் கணவருக்குப் பிடிக்காது."

முன்னுக்கு இருந்த ஜெமீலா, யோசிக்காமல், வீட்டுக்கு வந்த ஆளுக்குப் பதில் சொல்கிற மாதிரியே, "நாங்க இப்பதான் சாப்பிட்ட நாங்க, நீங்க சாப்பிடுங்க" என்றாள். பின்னால் இருந்த இரண்டு மூன்று பேரும் அதையே சொன்னார்கள். சொன்ன பிறகுதான் டீவிப் பெட்டியோடு கதைக்கிறோம் என்று விளங்கி, அறை முழுக்கச் சிரிப்பு.

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு வெங்காயமும் இல்லை, புகையும் இல்லை. வாளியின் மேல் ஆறிப்போன என்னுடைய மூன்று கோப்பைத் தேத்தண்ணியையும் அந்தப் பின்னேரம்தான் யாரோ வந்து குடித்துவிட்டுப் போனார்கள்.